எந்த அமிலம் வலியது, எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு அமிலங்களின் பெயரைச் சொல்லி, இதில் எது வலியது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மனப்பாடம் செய்த பட்டியலைத்தான் தேடுகிறார்கள். பட்டியலில் இல்லாத அமிலம் வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். வேறு ஏதும் குறிப்பிடாத இடங்களில் எண்கள் எல்லாம் 25 டிகிரி செல்சியஸில் உள்ள நீர்க்கரைசலுக்கானவை.

அமிலத்தின் வலிமை என்று எதைச் சொல்கிறோம்?

அமிலம் புரோட்டானைக் கொடுப்பது, காரம் அதை வாங்கிக்கொள்வது. 1923-இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தின் லௌரியும் தனித்தனியே சொன்ன விளக்கம் இது. நீரில் ஓர் அமிலத்தைப் போட்டால் அது தன் புரோட்டானை நீர் மூலக்கூறிடம் கொடுக்கிறது. வாங்கிக்கொண்ட நீர் ஹைட்ரோனியம் அயனியாகிறது. கொடுத்துவிட்டு அமிலத்தில் மிஞ்சி நிற்பதை இணை காரம் என்கிறோம். மிஞ்சியது சும்மா இருப்பதில்லை, வாய்ப்புக் கிடைத்தால் புரோட்டானைத் திரும்பப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். நீருக்கும் அந்த இணை காரத்துக்கும் இடையே ஒரே புரோட்டானுக்காக நடக்கும் இழுபறி இது. சமநிலை வந்தபின் புரோட்டான் பெரும்பாலும் யார் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் வலிமை என்கிறோம்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளோரைடு அயனி இந்த இழுபறியில் தோற்றுவிடுகிறது. போட்ட அமிலம் அநேகமாக முழுவதும் அயனியாகிவிடும். அசிட்டிக் அமிலத்தில் அசிட்டேட் அயனி ஜெயிக்கிறது. 0.1 மோலார் கரைசலில் (ஒரு லிட்டரில் 0.1 மோல் அமிலம்) நூறு மூலக்கூறுக்கு ஒன்று, கூடிப்போனால் இரண்டு மட்டும்தான் புரோட்டானை இழந்து நிற்கும்.

வலிமையும் செறிவும் ஒன்றுதானே?

இல்லை. மற்ற குழப்பங்கள் பலவும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரு லிட்டர் கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது செறிவு, அது நாம் அளந்து ஊற்றுவதைப் பொறுத்தது. இருப்பதில் எத்தனை பங்கு புரோட்டானை விட்டுக்கொடுக்கிறது என்பது வலிமை. அது அந்த அமிலத்தின் பிறவிக் குணம். நீர் ஊற்றினால் செறிவு குறையும், குணம் மாறாது.

நீர் துளியும் கலக்காத தூய அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16.6 டிகிரிக்குக் கீழே போனால் பனிக்கட்டிபோல உறைந்துவிடும் திரவம் அது. அதைவிடச் செறிவான அசிட்டிக் அமிலம் கிடையாது. ஆனால் பல்போடு இணைத்த இரண்டு மின்முனைகளை அதில் முக்கினால் பல்பு எரிவதில்லை. மின்சாரத்தைக் கடத்துமளவுக்கு அதில் அயனிகள் இல்லை. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்தால் பல்பில் மங்கலாக ஒளி வரும். புரோட்டானை வாங்கிக்கொள்ள ஆள் வந்ததும் அமிலம் கொடுக்கத் தொடங்குகிறது.

நீர்க்க நீர்க்க இன்னொன்றும் நடக்கிறது. 0.1 மோலாரில் 1.3 விழுக்காடாக இருந்த பிரிகை, 0.01 மோலாரில் 4.1 விழுக்காடாகவும் 0.001 மோலாரில் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும் ஏறும். அப்படியானால் நீர்த்தால் அமிலம் வலுக்கிறதா என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. வலுக்கவில்லை. பிரிகை வீதம் செறிவோடு மாறும், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் மாறிலி ஒன்றேதான். இந்த இரண்டையும் இணைக்கும் விதியை வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1888-இல் தந்தார்.

அந்த மாறிலியை எப்படிப் படிப்பது?

சமநிலையில் ஹைட்ரோனியத்தின் செறிவையும் இணை காரத்தின் செறிவையும் பெருக்கி, பிரியாமல் மீந்த அமிலத்தின் செறிவால் வகுத்தால் வருவது பிரிகை மாறிலி. இதைக் கே.ஏ என்று குறிப்பார்கள். அசிட்டிக் அமிலத்துக்கு இது சுமார் 1.75 × 10⁻⁵. இப்படிப்பட்ட எண்களை வைத்து ஒப்பிடுவது கண்ணைக் கட்டும் என்பதால் மடக்கை எடுத்துக் குறியை மாற்றிக்கொள்கிறோம். அதுதான் பி.கே.ஏ. அசிட்டிக் அமிலத்துக்கு 4.76.

குறியை மாற்றியதால் திசையும் மாறிவிடுகிறது: பி.கே.ஏ குறைந்தால் வலிமை கூடும். அப்புறம், இது மடக்கை அளவு என்பதை ஒருபோதும் மறக்கக்கூடாது. ஃபார்மிக் அமிலத்தின் பி.கே.ஏ 3.75. அசிட்டிக்கோடு பார்த்தால் ஒரே ஒரு எண் வித்தியாசம். ஆனால் ஃபார்மிக் அமிலம் பத்து மடங்கு வலியது. ஃபீனாலின் பி.கே.ஏ சுமார் 10. 10-ஐ 4.76-ஆல் வகுத்து, அசிட்டிக் அமிலம் ஃபீனாலைவிட இரண்டு மடங்கு வலியது என்று எழுதிய விடைத்தாள்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல்.

பி.எச் மீட்டரை முக்கிப் பார்த்தால் போதாதா?

பி.எச் என்பது கரைசலில் ஹைட்ரோனியம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும் எண், எண் குறைந்தால் ஹைட்ரோனியம் அதிகம். ஒப்பிடும் அமிலங்களின் செறிவு சமமாக இருந்தால் அது போதும். இல்லையென்றால் பி.எச் ஏமாற்றிவிடும். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பி.எச் சுமார் 2.9. 0.0001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச் 4. மீட்டரை மட்டும் நம்பினால் அசிட்டிக் அமிலம்தான் வலியது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். 1909-இல் கோபன்ஹேகனில் சோரன்சன் பி.எச் அளவைக் கொண்டுவந்தபோது அதைக் கரைசலின் நிலையைச் சொல்லும் அளவாகத்தான் வைத்தார். பி.எச் கரைசலைப் பற்றியது, பி.கே.ஏ அமிலத்தைப் பற்றியது.

சோதனைக்கூடத்தில் நேரில் பார்க்க வழி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் அதுதான். இரண்டு கூம்புக் குடுவைகள். ஒன்றில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிலிட்டர், மற்றதில் அதே செறிவில், அதே அளவில் அசிட்டிக் அமிலம். இரண்டு பலூன்களில் தலா 1 கிராம் மெக்னீசியம் நாடாவைத் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, பலூனின் வாயைக் குடுவையின் கழுத்தில் மாட்டவேண்டும். பிறகு இரண்டு பலூன்களையும் ஒரே நேரத்தில் நிமிர்த்தி உலோகத்தை உள்ளே கொட்டவேண்டும். பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது, வருவது ஹைட்ரஜன்.

ஹைட்ரோகுளோரிக் பக்கம் குடுவை கொதிப்பதுபோல நுரைத்து, பலூன் விறுவிறுவென்று நிமிரும். தொட்டால் குடுவை சுடும். அசிட்டிக் பக்கம் நாடாவின் ஓரத்தில் குமிழிகள் வரிசையாக மேலேறும், பலூன் சோம்பலாகத் தலைதூக்கும். பெரும்பாலானவர்கள் இத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். முடிக்காதீர்கள், காத்திருங்கள். உலோகம் முழுவதும் கரைந்தபின் இரண்டு பலூன்களும் ஒரே அளவில் நிற்கும், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு. அசிட்டிக் அமிலத்திடம் புரோட்டான் குறைவாக இல்லை, கொடுப்பதில்தான் தயக்கம். கொடுத்தது செலவாகிவிட்டால் சமநிலை நகர்ந்து இன்னும் கொஞ்சம் கொடுக்கும், கடைசியில் அத்தனையும் வந்துவிடும்.

துல்லியமான எண் வேண்டுமென்றால் தரம்பார்த்தல்தான் எளிய வழி. வலிமை குறைந்த அமிலத்தில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பி.எச்சைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அமிலத்தில் சரிபாதி நடுநிலையாகும் இடத்தில் அமிலமும் இணை காரமும் சமமாக இருக்கும், அங்கே பி.எச் எவ்வளவோ அதுவே பி.கே.ஏ. மின்கடத்துத்திறனை அளந்தும் கண்டுபிடிக்கலாம். ஆஸ்ட்வால்ட் காலத்து வழி அது.

வலிய அமிலத்தை நடுநிலையாக்க அதிகக் காரம் வேண்டுமா?

வேண்டாம். ஒரே செறிவு, ஒரே கனஅளவு என்றால் ஹைட்ரோகுளோரிக்குக்கும் அசிட்டிக்குக்கும் ஒரே அளவு சோடியம் ஹைட்ராக்சைடுதான். இரண்டு பலூன்களும் சமமாக நின்றதே, அதே காரணம். வித்தியாசம் முடிவுப்புள்ளியில்: முன்னதில் பி.எச் 7, பின்னதில் இரண்டு கரைசலும் 0.1 மோலார் என்றால் சுமார் 8.7. அசிட்டேட் அயனி ஓரளவு காரமாக நடந்துகொள்வதால் இப்படி. அதனால்தான் அசிட்டிக் அமிலத்துக்கு நிறங்காட்டியாக, 7-க்கு மேலே நிறம் மாறும் ஃபினாப்தலீனை எடுக்கிறோம்.

மூலக்கூறின் அமைப்பைப் பார்த்தே வலிமையைச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். என் அனுபவத்தில், அமிலத்தை உற்றுப் பார்ப்பதைவிட புரோட்டான் போனபின் மிஞ்சும் அயனியைப் பார்த்தால் பதில் சீக்கிரம் வரும். அந்த அயனி தன் எதிர்மின்சுமையோடு அமைதியாக இருக்க முடிகிறதா? முடிந்தால் புரோட்டானைத் திரும்பப் பிடிக்கும் அவசரம் அதற்கு இல்லை, அமிலம் வலியது. சுமையைத் தாங்க முடியாமல் தவிக்கிறதா? அமிலம் வலிமை குறைந்தது.

சுமை எந்த அணுவின் மேல் உட்காருகிறது என்பதை முதலில் பாருங்கள். தனிம வரிசை அட்டவணையின் ஒரே வரிசையில் இடமிருந்து வலமாகப் போகும்போது எலக்ட்ரான் கவர்திறன் கூடுகிறது, கூடவே வலிமையும். மீத்தேனின் பி.கே.ஏ 50-ஐ ஒட்டியது, அம்மோனியாவுடையது 38 அளவில், நீருடையது 15.7 (வேறொரு கணக்கில் 14), ஹைட்ரஜன் ஃபுளூரைடுடையது 3.2. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் என்று நான்கே கட்டம் நகர்வதற்குள் 10-இன் 40-ஆவது அடுக்குக்கும் மேலான மாற்றம்!

அடுத்து, அந்தச் சுமை ஒரே இடத்தில் முடங்கியிருக்கிறதா, பல அணுக்களுக்குப் பரவுகிறதா என்று பாருங்கள். எத்தனாலின் பி.கே.ஏ 16, அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ 4.76. இரண்டிலும் புரோட்டான் ஆக்சிஜனிலிருந்துதான் பிரிகிறது. எத்தாக்சைடு அயனியில் சுமை முழுவதும் ஒரே ஆக்சிஜன் மேல். அசிட்டேட்டில் இரண்டு ஆக்சிஜன்கள் அதைச் சரிபாதியாகச் சுமக்கின்றன. இதற்கு உடனிசைவு என்று பெயர். ஃபீனாலில் சுமை பென்சீன் வளையத்துக்குள்ளும் பரவுகிறது. ஆனால் அங்கே கார்பன்கள்தான் அதைத் தாங்கவேண்டும், கார்பனுக்கு அந்த வேலை அவ்வளவாக வராது. எனவே ஃபீனால் எத்தனாலுக்கும் அசிட்டிக் அமிலத்துக்கும் நடுவில் நிற்கிறது.

மூன்றாவது, பக்கத்தில் எலக்ட்ரானை இழுக்கும் அணு ஏதாவது இருக்கிறதா? அசிட்டிக் அமிலத்தின் மீத்தைல் தொகுதியில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் குளோரினை வைத்தால் பி.கே.ஏ 4.76-லிருந்து 2.86-க்கு இறங்கும். இரண்டு வைத்தால் ஏறக்குறைய 1.3, மூன்று வைத்தால் 0.7-ஐ ஒட்டி. தூண்டல் விளைவு என்பது இதுதான். தூரம் போனால் இது சட்டென்று தளர்ந்துவிடும். பியூட்டனாயிக் அமிலத்தில் (4.82) கார்பாக்சில் தொகுதிக்கு அடுத்த கார்பனில் குளோரின் இருந்தால் சுமார் 2.9, ஒரு கார்பன் தள்ளி வைத்தால் 4.05, இன்னும் ஒன்று தள்ளினால் 4.5. சங்கிலியின் கடைக்கோடியில் இருக்கும் குளோரின் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

ஃபுளூரின்தான் எலக்ட்ரானை அதிகம் கவரும் தனிமம். பிறகு ஏன் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வலிமை குறைந்தது?

இந்தக் கேள்வியில் தடுமாறாதவர்கள் குறைவு. ஒரே வரிசையில் குறுக்காகப் போகும்போது எலக்ட்ரான் கவர்திறன் வழிகாட்டும். ஒரே தொகுதியில் மேலிருந்து கீழே இறங்கும்போது அது வழி தவறவைக்கும். அங்கே அணுவின் அளவும் பிணைப்பின் உறுதியும்தான் முடிவு செய்கின்றன.

ஹைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலான பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு 565 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் வேண்டும். குளோரினோடு 431, புரோமினோடு 366, அயோடினோடு 298 போதும். கூடவே, அயோடைடு பெரிய அயனி, ஒற்றைச் சுமை அதன் பெரிய பரப்பில் பரவிக்கிடக்கிறது. ஃபுளூரைடு சின்னஞ்சிறு அயனி, அதன்மேல் சுமை நெருக்கியடித்து நிற்கிறது, புரோட்டானைக் கண்டால் விடாது. ஆக வலிமையின் வரிசை: ஹைட்ரோஃபுளூரிக், ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோஅயோடிக் என்று ஏறுமுகம். இதே காரணத்தால்தான் நீரைவிட ஹைட்ரஜன் சல்ஃபைடு (பி.கே.ஏ சுமார் 7) வலிய அமிலம்.

ஆக்சிஜன் கூடினால் வலிமை கூடுமா?

ஒரே மைய அணுவுள்ள ஆக்சோ அமிலங்களில் (மைய அணுவைச் சுற்றி ஆக்சிஜன்கள் உள்ள அமிலங்கள்) பொதுவாகக் கூடும். குளோரின் குடும்பம் இதற்கு நல்ல காட்சி: ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் பி.கே.ஏ 7.5, குளோரஸ் அமிலத்துக்கு ஏறக்குறைய 2, குளோரிக் அமிலத்துக்கு −1 அளவில், பெர்குளோரிக் அமிலமோ அதற்கும் வெகு கீழே. ஒவ்வோர் ஆக்சிஜன் கூடும்போதும் சுமையைப் பங்குபோட இன்னோர் ஆள் சேர்கிறது.

லைனஸ் பாலிங் இதற்கு ஒரு சுருக்கு விதி தந்தார். ஹைட்ரஜன் ஒட்டாத ஆக்சிஜன்களை எண்ணுங்கள், அந்த எண்ணிக்கையை 5-ஆல் பெருக்கி 8-லிருந்து கழியுங்கள், தோராயமான பி.கே.ஏ வந்துவிடும். ஹைப்போகுளோரஸ் அமிலத்தில் அப்படி எதுவும் இல்லை, எனவே 8. குளோரஸில் ஒன்று, எனவே 3. மோசமில்லாத கணிப்பு.

எண்ணவேண்டியது ஹைட்ரஜன் ஒட்டாத ஆக்சிஜனைத்தான், மொத்த ஆக்சிஜனை அல்ல. பாஸ்பரஸ் தனிமத்தின் அமிலங்களில் இது தெளிவாகத் தெரியும். பாஸ்பாரிக் அமிலத்தில் நான்கு ஆக்சிஜன்கள், பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று, ஹைப்போபாஸ்பரஸ் அமிலத்தில் இரண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் வலிமை படிப்படியாகக் குறையவேண்டும். ஆனால் மூன்றின் முதல் பி.கே.ஏ மதிப்பும் 1-க்கும் 2.2-க்கும் இடையில் நெருங்கிக் கிடக்கின்றன. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஹைட்ரஜன் நேராகப் பாஸ்பரஸில் ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜன் ஒட்டாத ஆக்சிஜன் மூன்றிலும் ஒன்றே ஒன்றுதான்.

கார்பானிக் அமிலம் விதியை மீறுவதுபோலத் தோன்றும். 3 வரவேண்டிய இடத்தில் புத்தகங்களில் 6.35 இருக்கும். கரைந்த கார்பன் டை ஆக்சைடில் மிகச் சிறு பங்குதான் உண்மையில் கார்பானிக் அமிலமாக மாறுகிறது. 6.35 என்பது மாறாத பங்கையும் சேர்த்துப் போட்ட கணக்கு. உண்மையாகவே அமிலமாக இருக்கும் மூலக்கூறை மட்டும் எடுத்தால் 3.5-ஐ ஒட்டி வரும்.

ஒரே அமிலத்தில் பல புரோட்டான்கள் இருந்தால் எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் பி.கே.ஏவை வைத்து. பாஸ்பாரிக் அமிலத்துக்கு 2.15, 7.20, 12.35 என்று மூன்று மதிப்புகள். ஏற்கெனவே எதிர்மின்சுமை ஏறிய அயனியிலிருந்து இன்னொரு புரோட்டானைப் பிரிப்பது கடினம் என்பதால் ஒவ்வொரு படியிலும் எண் ஏறுகிறது. மூன்று புரோட்டான் இருப்பதால் மூன்று மடங்கு வலியது என்பது தவறு. கந்தக அமிலத்தின் முதல் புரோட்டான் நீரில் முழுவதுமாகப் பிரியும், இரண்டாவதின் பி.கே.ஏ சுமார் 2.

பெர்குளோரிக், ஹைட்ரோஅயோடிக், ஹைட்ரோகுளோரிக்: எல்லாமே நீரில் முழுவதும் பிரிகின்றன. இவற்றை எப்படி வரிசைப்படுத்துவது?

நீரில் முடியாது. ஹைட்ரோனியத்தைவிட வலிய எந்த அமிலமும் நீரைத் தொட்டதும் தன் புரோட்டானை நீரிடம் ஒப்படைத்துவிடும். பிறகு கரைசலில் அமிலமாக மிஞ்சுவது ஹைட்ரோனியம் மட்டுமே. 5 கிலோவரை மட்டும் காட்டும் தராசில் 20 கிலோவையும் 50 கிலோவையும் வைத்தால் முள் ஒரே இடத்தில்தான் போய் முட்டும். நீரும் அப்படித்தான், அதன் முள் ஹைட்ரோனியத்தோடு நின்றுவிடும். இதைச் சமன்செய்யும் விளைவு என்கிறார்கள்.

தராசை மாற்றவேண்டும். புரோட்டானை எளிதில் வாங்காத கரைப்பான் ஒன்றை எடுத்தால் வித்தியாசம் வெளியே வரும். நீர் கலக்காத அசிட்டிக் அமிலத்தையே கரைப்பானாக வைத்து அளந்தபோது பெர்குளோரிக், ஹைட்ரோபுரோமிக், கந்தக அமிலம், ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் என்று இறங்குவரிசை கிடைத்தது. ஹைட்ரோகுளோரிக்குக்கு −6, ஹைட்ரோஅயோடிக்குக்கு −10 என்று அட்டவணைகளில் பார்க்கும் எதிர்ம எண்கள் எல்லாம் இப்படிச் சுற்றுவழியில் மதிப்பிட்டவை. புத்தகத்துக்குப் புத்தகம் ஒன்றிரண்டு மாறும். அந்த இலக்கங்களுக்காகச் சண்டைபோட வேண்டாம், வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வலிய அமிலம்தான் ஆபத்தானதா?

தயவுசெய்து இப்படி நினைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குள் போகாதீர்கள். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பி.கே.ஏ 3.2 உள்ள, வலிமை குறைந்த அமிலம். ஆனால் ஹைட்ரோகுளோரிக்கைவிடப் பல மடங்கு பயப்படவேண்டியது அது. பெரும்பாலும் பிரியாத மூலக்கூறாகவே இருப்பதால் தோலைச் சுலபமாகக் கடந்து உள்ளே போய்விடும். அங்கே ஃபுளூரைடு அயனி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பே குலையும். நீர்த்த கரைசல் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் மணிக்கணக்கில் கழித்து வலி தொடங்கலாம். அதைக் கையாளும் இடங்களில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருப்பது இதற்காகத்தான். பட்டுவிட்டால் கழுவியதோடு நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். கண்ணாடியைக் கரைப்பதும் இந்த அமிலம்தான், காரணம் புரோட்டான் மட்டுமல்ல, சிலிக்கானுக்கும் ஃபுளூரினுக்கும் உள்ள ஒட்டுதல்.

எதிர்ப்புறத்தில் கார்போரேன் அமிலங்கள் (போரானும் கார்பனும் சேர்ந்த கூண்டுபோன்ற அயனி உள்ளவை) இருக்கின்றன. கந்தக அமிலத்தைவிடப் பன்மடங்கு வலியவை, ஆனாலும் கண்ணாடிக் குடுவையில் வைக்கலாம். புரோட்டான் போனபின் மிஞ்சும் கார்போரேன் அயனி யாரோடும் எளிதில் வினைபுரியாத சாது.

உலகிலேயே வலிய அமிலம் எது?

நூறு விழுக்காடு கந்தக அமிலத்தைவிட வலியவற்றை மீவலிமை அமிலங்கள் என்று தனியாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் அதிகம் பேசப்படுவது ஃபுளூரோஆன்டிமோனிக் அமிலம். அது எப்படி உண்டாகிறது என்று பாருங்கள்: ஹைட்ரஜன் ஃபுளூரைடோடு ஆன்டிமனி பென்டாஃபுளூரைடைச் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். நீரில் வலிமை குறைந்தது என்று நாம் ஓரம்கட்டிய அதே ஹைட்ரஜன் ஃபுளூரைடு! புரோட்டானை விடாமல் பிடிக்கும் ஃபுளூரைடு அயனியை ஆன்டிமனி தன்னோடு இறுக்கிக் கட்டிவிடுகிறது. சுமை ஆறு ஃபுளூரின்கள்மேல் பரவுகிறது. புரோட்டானைத் திரும்பப் பிடிக்க யாரும் இல்லாமல் போகிறார்கள். மிஞ்சும் அயனியைப் பார்க்கச் சொன்னேனே, அது இந்த உச்சத்திலும் பொருந்துகிறது.

இதே பாணியில் ஃபுளூரோசல்ஃபியூரிக் அமிலமும் ஆன்டிமனி பென்டாஃபுளூரைடும் சேர்ந்த கலவையில், 1960-களில் ஜார்ஜ் ஓலாவின் ஆய்வகத்தில் மெழுகுவத்தித் துண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். எந்தச் சாதாரண அமிலத்துக்கும் மசியாத மெழுகு அதில் கரைந்தது. புரோட்டானை வாங்கிக்கொள்ளும் பழக்கமே இல்லாத ஹைட்ரோகார்பன்மீது அமிலம் புரோட்டானைத் திணித்துவிட்டது. அப்படி உண்டாகும் கார்பன் நேரயனிகளைப் பற்றிய பணிக்காக ஓலாவுக்கு 1994-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெப்பநிலை மாறினால் வலிமை மாறுமா?

மாறும், அமிலத்துக்கு அமிலம் வேறுபடும். அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ 0-லிருந்து 50 டிகிரிவரை சுமார் 0.03 அளவுக்குத்தான் அசைகிறது. நீர் அப்படியல்ல. 60 டிகிரியில் தூய நீரின் பி.எச் 6.5-ஐ ஒட்டி வந்துவிடும், ஆனாலும் அது நடுநிலையானதுதான்.

இரண்டு அமிலங்களை நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்க்கலாமா?

ஒன்றை அமிலமாகவும் மற்றதை அதன் இணை கார உப்பாகவும் எடுத்துக் கலக்கவேண்டும். வலிய அமிலம் தன் புரோட்டானை வலிமை குறைந்த அமிலத்தின் இணை காரத்திடம் தள்ளிவிடும். சோடியம் பைகார்பனேட் கரைசல் உள்ள ஒரு சோதனைக்குழாயில் அசிட்டிக் அமிலத்தை விட்டால் நுரைத்துப் பொங்கும். 4.76-க்கும் 6.35-க்கும் உள்ள இடைவெளி புரோட்டானைப் பைகார்பனேட் பக்கம் தள்ளுகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இன்னொரு குழாயில் ஃபீனாலைப் போட்டால் ஒரு குமிழிகூட வராது. மாறாக, ஃபீனாலைக் காரத்தில் கரைத்துச் சோடியம் ஃபீனாக்சைடாக்கி, அதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால் தெளிந்த கரைசல் பால்போலக் கலங்கும். கார்பானிக் அமிலம் கொடுத்த புரோட்டானை வாங்கிக்கொண்டு ஃபீனால் மறுபடி பிரிந்து வருகிறது. மூன்று அமிலங்களின் வரிசையும் இரண்டு சோதனைக்குழாய்களில் தெரிந்துவிட்டது.

தேர்வில் ஐந்து சேர்மங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் எங்கே தொடங்குவது?

ஒன்றைச் செய்தே காட்டுகிறேன். எத்தனால், ஃபீனால், 4-நைட்ரோஃபீனால், அசிட்டிக் அமிலம், ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம்.

ஐந்திலும் புரோட்டான் ஆக்சிஜனில்தான் இருக்கிறது, எனவே அணுவைப் பற்றிய கேள்வி முடிந்தது. சுமை பரவ வழியே இல்லாதது எத்தாக்சைடு மட்டும், அதனால் எத்தனால் கடைசி. சுமை இரண்டு ஆக்சிஜன்களுக்குப் பரவுபவை கார்பாக்சிலிக் அமிலங்கள் இரண்டும், அவை முன்னால். அவற்றுக்குள் மூன்று குளோரின்கள் இழுப்பது எது? ட்ரைகுளோரோஅசிட்டிக், எனவே அதுவே முதல். நடுவில் இரண்டு ஃபீனால்கள். நைட்ரோ தொகுதி வளையத்தில் எதிர்முனையில் நின்று, உடனிசைவின் வழியாகச் சுமையைத் தன் ஆக்சிஜன்கள்வரை இழுத்துக்கொள்கிறது, எனவே 4-நைட்ரோஃபீனால் முந்துகிறது. முடிந்தது. அட்டவணையில் சரிபார்த்தால் 0.7, 4.76, 7.15, 10, 16.

இப்போது நைட்ரோ தொகுதியை எதிர்முனையிலிருந்து ஓரிடம் நகர்த்தி 3-நைட்ரோஃபீனாலாக்கி, அதை எங்கே வைப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இடத்திலிருந்து உடனிசைவு எட்டாது, தூண்டல் விளைவு மட்டும் எட்டும். எனவே ஃபீனாலுக்கு முன்னே, 4-நைட்ரோஃபீனாலுக்குப் பின்னே: 8.4.